மாதையன் குடியை விட்ட கதை

மாதையன் சாராயம் குடிக்காதவர். அதற்கு விரதம், சத்தியம் என்று பெரிய காரணம் எதுவும் கிடையாது. இருபது வயதில் ஓமலூர்ச் சந்தையில் கூட்டாளிகள் வற்புறுத்தி வாயில் ஊற்றினார்கள். அந்த நெடி தொண்டையைத் தாண்டவில்லை. அங்கேயே துப்பிவிட்டார், அத்தோடு சரி. பிறகு லாரியில் ஊர் ஊராகத் திரிந்த காலத்திலும், மற்றவர்கள் மறைவிடம் தேடிப் போகும்போது இவர் வண்டிக்குக் காவல் இருப்பார். "மாதையன் இருக்கறான், பாத்துக்குவான்" என்று நம்பிப் போவார்கள். அந்தப் பேர்தான் அவரை அறுபத்தொன்பதில் சென்னியப்பக் கவுண்டர் வீட்டுக் காருக்கு டிரைவராக்கியது.

கவுண்டருக்குச் சேந்தமங்கலத்துக்கு மேற்கே பதினெட்டு ஏக்கர் தோட்டம். சேலத்து மில்காரர் ஒருவர் ஓட்டிக் கழித்த கருப்புக் காரை வாங்கி நிறுத்தியிருந்தார். "பொம்பளைங்க ஏறுற வண்டி. குடிக்கறவன் எனக்கு ஆகாது" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். தோட்டத்து ஓரத்தில் இருந்த ஓட்டு வீட்டில் மாதையனும் மனைவி பழனியம்மாளும் குடிவந்தார்கள். அங்கேதான் மகள் தெய்வநாயகி பிறந்தாள்.

பதினோரு வருடம் ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. எண்பதாம் வருட வாக்கில் கவுண்டர் மைத்துனரோடு கூட்டுச் சேர்ந்து போர் போடும் ரிக் வண்டி எடுத்தார். அதன்பின் வீட்டில் எந்நேரமும் ரிக் பேச்சுதான். கார் வயதான மாடு மாதிரி ஆகிவிட்டது. அதைத் தள்ளிவிடவும் மனமில்லை, அதற்குத் தீவனம் போடவும் மனமில்லை.

முதலில் சத்தம் வந்தது. கார் வருவது ஒரு மைல் முன்னாலேயே தெரிந்தது. பிறகு உள்ளே ஒரு வாடை. அதற்கும் பிறகு தலைவலி. நாமக்கல் போய்த் திரும்பினாலே மாதையனுக்கு நெற்றிப்பொட்டில் ஆணி அடித்தது போல இருக்கும். கவுண்டரின் மனைவி சௌந்திரம் காரில் ஏறினால் வாந்திதான். "அவளுக்குக் கார் ஒத்துக்காது" என்று கவுண்டர் சொல்லிவிட்டார். பத்து வருடமாக ஒத்துக்கொண்ட கார் இப்போது ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் சௌந்திரம் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் துணி எடுக்கப் போயிருந்த நேரத்தில், மாதையன் காரைத் தங்கமுத்து மேஸ்திரியின் பட்டறைக்குக் கொண்டு போனார். மேஸ்திரி அடியில் புகுந்து, திருப்புளியால் சைலன்சரைத் தட்டினார். துரு அப்பளம் போல உடைந்து விழுந்தது.

"மாதையா, இது சைலன்சர் இல்ல, சல்லடை. பின்னால போயி வெளிய போக வேண்டிய பொகை பாதியிலயே கக்குது. தரைத்தகட்டப் பாரு, உன் பெடலுக்கிட்ட. கை நொழையற ஓட்டை. அத்தனையும் நேரா உன் மூக்குக்குத்தான் வருது."

"தலைவலி அதனாலதானுங்களா, மேஸ்திரி?"

"தலைவலியோட நின்னா புண்ணியம். இந்தப் பொகைக்கு நாத்தம் கம்மி, வெசம் ஜாஸ்தி. தூங்கற மாதிரியே ஆளு போயிருவான். கொழாயோட மொத்தமா மாத்தி, தகடு வெச்சு வெல்டு அடிக்கோணும். மூணு நாளு வண்டி எங்கிட்ட கெடக்கட்டும். அதுவரைக்கும் என்ன வந்தாலும் கண்ணாடியச் சாத்தாத."

அன்றைக்குக் கல்நார் கயிற்றைச் சுற்றி, தகர டப்பாவை வெட்டி மூடி, கட்டுக்கம்பியால் இறுக்கி அனுப்பினார். அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

மாதையன் கவுண்டரிடம் சொன்னார். கவுண்டர் ரிக் வண்டியின் பில்லைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வண்டி ஓடுதா, இல்லியா?"

"ஓடுதுங்க. ஆனா பொகை..."

"மேஸ்திரிக்கு வேலை வேணும், எதையாச்சும் சொல்லுவான். நானே வண்டிய மாத்தற யோசனையில இருக்கறேன். மாத்தப்போற வண்டிக்கு எவனாச்சும் புதுச் சைலன்சர் போடுவானா? கண்ணாடிய எறக்கி உட்டுட்டு ஓட்டு."

அந்த மாதமே காருக்குப் புது பெயின்ட் அடிக்கப்பட்டது. கவுண்டரின் மகள் வசந்தாமணிக்கு மேட்டூரிலிருந்து வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை கம்பெனியில் இன்ஜினீயர். அந்த வீட்டு வாசலில் போய் நிற்கும்போது கார் பளபளவென்று இருக்க வேண்டும். தரை ஓட்டையில் மாதையன் பார் சோப்பை நசுக்கி அடைத்து, மேலே சாக்கை மடித்துப் போட்டார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

எண்பத்திரண்டு ஐப்பசியில் மேட்டூருக்குப் போனார்கள். உறவுக்காரர்கள் வேனில் போய்விட, காரில் கவுண்டரும் சௌந்திரமும் மட்டும். போகும்போது வெயில், கண்ணாடிகள் எல்லாம் திறந்திருந்தன. பேச்சு நல்லபடியாக முடிந்தது. மத்தியானச் சாப்பாடு முடித்துக் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது.

"கண்ணாடிய ஏத்துடா. பட்டுச் சேலை நனையுது" என்றார் கவுண்டர்.

"கொஞ்சூண்டு தொறந்தே இருக்கட்டுங்க. பொகை உள்ளயே நின்னுக்கும்."

"சம்பந்தி ஊட்டுலருந்து வாரோம். நனைஞ்ச கோழியாட்டம் போயி எறங்கச் சொல்றயா? ஏத்துன்னா ஏத்து."

மாதையன் ஏற்றினார்.

ஓமலூர் தாண்டியதும் டயரைப் பார்க்கிற சாக்கில் இறங்கி, மழையில் நின்று நாலு மூச்சு இழுத்தார். சேலத்தில் இன்னொரு தடவை. மூன்றாம் தடவை இராசிபுரத்தில் நிறுத்தப் போனபோது, "பொழுதோட ஊடு போய்ச் சேரணுமா வேண்டாமா?" என்று கவுண்டர் அதட்டினார். அதற்குமேல் நிறுத்தவில்லை. பின்னால் சௌந்திரத்தின் தலை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. தூக்கமா மயக்கமா என்று பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தார், தெரியவில்லை. கவுண்டரும் கண்ணயர்ந்துவிட்டார். தம் பக்கத்துக் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கினார் மாதையன். சாரல் பட்டுக் கவுண்டர் விழித்துக்கொண்டார். "ஏத்துடா." மறுபடியும் ஏற்றினார். காதில் வண்டு ரீங்காரமிட்டது. கைகள் தம் கைகளாக இல்லை. ரோடு ஒன்று இரண்டாகி, மறுபடி ஒன்றாகியது. பேளுக்குறிச்சிக்கு முன்னால் ஒரு வளைவு. ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. திருப்பியதாகவே நினைத்தார்.

புளியமரம்தான் காரை நிறுத்தியது.

கவுண்டருக்கு இடது கை முறிந்தது. சௌந்திரத்துக்கு இடுப்பெலும்பு போயிற்று. மாதையனுக்கு நெஞ்சில் ஊமையடி மட்டும்தான். கதவைத் திறந்து இறங்கியவர் இரண்டடி தள்ளாடி, ரோட்டோரம் வாந்தியெடுத்து, சேற்றில் உட்கார்ந்துவிட்டார். கண் சிவந்திருந்தது. பேச நாக்கு எழவில்லை. மதுவிலக்கை எடுத்து, சாராயக்கடை திறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்த நேரம் அது. இந்தக் கோலத்தில் விழுந்து கிடக்கும் ஆள் யாராயிருந்தாலும் என்ன சொல்ல வேண்டும் என்று ஊருக்குத் தெரியும்.

"டிரைவர் மப்புல இருக்கறானப்பா."

ஓடிவந்த கூட்டத்தில் யாரோ ஒருவர்தான் முதலில் சொன்னார். கையைப் பிடித்தபடி முனகிக்கொண்டிருந்த கவுண்டர் நிமிர்ந்து மாதையனைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு, "ஆமா, குடிச்சிருக்கறான் நாயி" என்றார். ஆஸ்பத்திரியில் கூட்டம். போலீஸ்காரர் சொன்னதை டாக்டர் எழுதினார், டாக்டர் எழுதியதைப் போலீஸ்காரர் வாங்கிக்கொண்டார். வாயை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஜாமீனில் வந்த அன்று, பழனியம்மாள் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, மேட்டூர்ல சம்பந்தக்காரங்க ஏதாச்சும் ஊத்திக் குடுத்தாங்களா? சும்மா ஒரு வாய்..."

மாதையன் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து கை கழுவினார். பதினாறு வருடம் கூட வாழ்ந்தவள். ஊர் சொன்னது அவரை அன்றுவரை அறுக்கவில்லை. இது அறுத்தது.

மறுவாரம் தங்கமுத்து மேஸ்திரியிடம் போனார். "நீங்க பாத்தீங்கல்ல மேஸ்திரி. கோர்ட்டுல வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். மேஸ்திரி கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "கவுண்டரோட ரிக் வண்டி வேலை பூராவும் எங்கிட்டத்தான் வருது, சாமி. என்னைய இழுக்காத."

மிச்சம் இருந்தது சௌந்திரம் ஒருத்திதான். கவுண்டர் ரிக் பார்க்கப் போன நாளாகப் பார்த்து அந்த வீட்டுக்குப் போனார். அவள் கட்டிலில் படுத்திருந்தாள். மாதையனைப் பார்த்ததும் கண் கலங்கினாள்.

"அம்மிணி, நான் குடிக்கலீங்க. உங்களுக்கு அது தெரியுமுங்க."

"தெரியும் மாதையா. எனக்கும் அன்னிக்குத் தலை சுத்துச்சு. வாயத் தொறந்து சொல்ல முடியல. சித்த நேரத்துல ஒண்ணுமே தெரியல."

"அதை மட்டும் சொன்னீங்கன்னா போதுமுங்க."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "சொன்னா, கண்ணாடியச் சாத்தச் சொன்னது யாருன்னு கேப்பாங்க. வசந்தாமணி கல்யாணம் தையில. பொண்டாட்டி இடுப்ப ஒடிச்சவர்னு எம் புருசனுக்குப் பேரு வரணுமா? நீ ஆம்பளை, தாங்கிக்குவே. போயிட்டு வா, சாமி."

கவுண்டரே வக்கீலும் வைத்துக் கொடுத்தார். "குத்தத்தை ஒத்துக்கோ, அபராதத்தோட உட்டுருவாங்க. பணத்தை அவரே கட்டிருவாரு" என்றார் வக்கீல். மாதையன் கூண்டில் ஏறி, "குடிக்கலீங்க. கார்ல பொகைங்க" என்றார். கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் அதையே மறுபடியும் சொன்னார். ஒரு மாதம் சேலம் ஜெயில், லைசென்ஸும் ரத்து. ஒத்துக்கொண்டிருந்தால் ஜெயில் இருந்திருக்காது என்று பழனியம்மாள் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தபோது ஓட்டு வீட்டில் வேறு ஆள் குடியிருந்தார். முன்பக்கம் நசுங்கிய காரைத் தட்டி நிமிர்த்தி, ஆத்தூர் மண்டிக்காரர் வெள்ளியங்கிரிக்கு விற்றுவிட்டதாகச் சொன்னார்கள். மாதையனுக்கு அதைக் கேட்டதும் உட்கார முடியவில்லை. மண்டிக்காரருக்கும் பெண்டு பிள்ளைகள் இருக்கும், மழை வந்தால் அவரும் கண்ணாடியைச் சாத்துவார். பஸ் ஏறி ஆத்தூர் போனார்.

மண்டி வாசலில் அதே கருப்புக் கார் நின்றது. விஷயத்தைச் சொன்னார். வெள்ளியங்கிரி கடைசிவரை கேட்டார்.

"நீதான் மரத்துல உட்ட டிரைவரா?"

"ஆமாங்க."

"தண்ணியப் போட்டு மோதிட்டு, வாயில்லாத வண்டி மேல பழி போடறியே, உனக்கே நல்லா இருக்குதா?" என்று கேட்டுவிட்டு, ஆட்களைப் பார்த்துச் சிரித்தார். "சத்தம் பொறுக்க முடியலைன்னு வந்த வாரமே சைலன்சரு, குழா, அடித்தகடு எல்லாத்தையும் புதுசா மாத்திட்டேன். பூனை மாதிரி ஓடுது. கார்ல ஒரு கோளாறும் இல்ல, போ."

மாதையனுக்கு ஒரு பக்கம் நிம்மதியாக இருந்தது. இனி அந்த வண்டியில் யாரும் சாக மாட்டார்கள். திரும்பி வரும் பஸ்ஸில்தான் மற்றது உறைத்தது. அவர் சொன்னதற்கு இருந்த ஒரே சாட்சி அந்தத் துருப்பிடித்த குழாய். அது இந்நேரம் எந்தப் பழைய இரும்புக் கடையில் உருகிக்கொண்டிருக்கிறதோ. அதன் பிறகு அந்தக் கார் ஆறு வருடம் ஆத்தூருக்கும் சேலத்துக்கும் நன்றாகவே ஓடியது. அது ஓட ஓட ஊருக்கு உறுதியாயிற்று. "அதே வண்டிதான், மண்டிக்காரரு ஓட்டறாரு, ஒரு கீறல் உண்டா? ஓட்டறவன் தெளிவா இருந்தா வண்டி ஏன் மரத்துல ஏறுது?"

நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் வேலை கிடைத்தது. தீவன மூட்டை தூக்குவது, கொட்டகை கூட்டுவது. பண்ணைக்கு டெம்போ ஒன்று இருந்தது. அதைக் கழுவச் சொல்வார்கள், சாவியைத் தர மாட்டார்கள். சம்பள நாளில் மற்ற ஆட்கள் கடைக்குக் கிளம்பும்போது, "நீயும் வாயேன், எத்தனை நாளைக்கு நடிப்பே?" என்று கூப்பிடுவார்கள். முதல் இரண்டு வருடம் அதற்குச் சண்டை போட்டார். பிறகு பதில் சொல்வதை நிறுத்தினார்.

எண்பத்தெட்டில் தெய்வநாயகிக்கு எருமப்பட்டியிலிருந்து வரன் வந்தது. பையன் விசைத்தறியில் வேலை செய்கிறவன். அவனுடைய அம்மா முத்தாயம்மாள் நாலு பேரோடு வந்து பாயில் உட்கார்ந்தாள். பெண்ணைப் பிடித்துவிட்டது. காபி குடித்து டம்ளரை வைத்துவிட்டு, முத்தாயம்மாள் தொண்டையைச் செருமினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கோணும், தப்பா நெனச்சுக்காதீங்க. பொண்ணோட அப்பாரு முன்ன குடிச்சுட்டுக் காரை மோதி, ஜெயிலுக்கெல்லாம் போனாருன்னு சொன்னாங்க."

மாதையன் வாயைத் திறப்பதற்குள் பழனியம்மாள் முந்திக்கொண்டாள்.

"அது அப்பங்க. ஜெயில்லருந்து வந்ததும் கோயில்ல கயிறு கட்டிக்கிட்டாரு. ஆறு வருசமாத் தொடறதே இல்லீங்க. பண்ணையில வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

முத்தாயம்மாளின் முகம் மலர்ந்தது. "அப்படிங்களா! எங்கூட்டுக்காரரும் குடிச்சே போய்ச் சேர்ந்தாரு. உடறது எவ்வளவு சிரமம்னு எனக்குத் தெரியும். நெசமாவே உட்டுட்டீங்களா, அண்ணா?"

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். பழனியம்மாள் தரையைப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் தெய்வநாயகியின் வளையல் சத்தம் நின்றிருந்தது. கோர்ட்டில் நீதிபதிக்கு முன்னால் இரண்டு தடவை சொன்ன வார்த்தை மாதையனின் தொண்டை வரை வந்தது.

"உட்டுட்டேனுங்க" என்றார்.

"எத்தனை ஆம்பளைக்கு இந்த வைராக்கியம் வரும்?" என்றாள் முத்தாயம்மாள். கூட வந்த பெரியவர் மாதையனின் தோளில் தட்டிக்கொடுத்தார். அந்த ஆவணியிலேயே கல்யாணம் நடந்தது. பந்தலில் சம்பந்தி வீட்டார் ஒவ்வொருவரிடமும் அவரை அப்படித்தான் அறிமுகம் செய்து வைத்தார்கள். முன்பு பெருங்குடிகாரர், இப்போது திருந்திய மனிதர் என்று. கேட்டவர்கள் மரியாதையோடு கும்பிட்டார்கள். மாதையனும் ஒவ்வொருவருக்கும் திருப்பிக் கும்பிட்டார்.