கோயில் சாய்ச்ச சவரி

பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் மாமரத்தின் கிளையைப் போன வாரம் ஆள் வைத்து வெட்டினேன். மெஷின் ரம்பம் ஓய்ந்ததும் பச்சை மரத்தூள் வாசம் சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. வெட்டின இடத்துக்கு ஏதாவது பூச வேண்டுமா என்று சவரி அண்ணனைக் கேட்கலாமென்று படம் எடுத்து, கைப்பேசியில் எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து ஆட்களின் குழுவைத் திறந்தேன். அங்கே ஒரு வரி இருந்தது. சவரிமுத்து வெளியேறினார்.

உங்களுக்கு அவரைத் தெரியாது. எழுபதுகளின் கடைசியில் கோலா கெத்தில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் புதுக் கிராணி, ஆள் கணக்கு எழுதுகிற குமாஸ்தா. செம்மண் தோட்டத்துக்கு வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு போன புத்திசாலி. சவரி அண்ணன் அங்கே மரம் சாய்க்கிறவர். லயத்து வீடுகளின் கூரையைத் தொடுகிற கிளை, டெலிபோன் கம்பியில் மாட்டின கொப்பு எல்லாம் அவர் பாடு. கத்தியின் முதுகால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, உள்ளே பொக்கை என்பார். பிளந்து பார்த்தால் பொக்கைதான். என்னைவிட மூன்று வயது மூத்தவர், ஆனாலும் என்னைக் கிராணி ஐயா என்றுதான் கூப்பிடுவார். நானும் வெட்கமில்லாமல் அதை வாங்கிக்கொள்வேன்.

வயதான பிறகு பெண்டாங்கில் மகள் வீட்டோடு இருந்தார். சுற்றிலும் வயல், வெட்ட மரம் ஏது? குழுவில்தான் அவருக்கு வேலை. தட்டச்சு வராது, குரலில் பேசி அனுப்புவார். முதலில் ஒரு கனைப்பு, பிறகு எல்லாருக்கும் தோத்திரம், அப்புறம்தான் வைத்தியம். மாமரம் பூக்கவில்லை என்று ஒரு அக்கா அழாத குறையாகக் கேட்டபோது, "நீங்க ரொம்பச் செல்லம் குடுக்கிறீங்க லா, தண்ணி ஊத்துறத நிறுத்துங்க" என்றார். அடுத்த சீசனில் அந்த அக்கா பூத்த மரத்தோடு நின்று படம் போட்டார்.

அப்படிப்பட்டவர் ஏன் போனார்? யாரோ ஒரு பழைய படத்தைப் போட்டிருந்தார்கள். அந்தோணியார் கோயில் கூரைமேல் ஒரு தூங்குமூஞ்சி மரம் படுத்திருக்கிறது. கீழே, 'கோயில் சாய்ச்ச சவரி'. தோட்டத்தில் அவருக்கு அந்தப் பெயர்தான். வரிசையாகச் சிரிக்கிற மூஞ்சிகள் விழுந்தன. தே தாரிக் குடித்துக்கொண்டே நானும் ஒன்றை அமுக்கிவிட்டேன். மற்றவர்கள் சிரிக்கலாம். நான் சிரிக்கலாமா?

அந்த மரம் உளுத்துப்போய், வெட்டச் சொல்லி உத்தரவாகியிருந்தது. அதற்குள் மூன்று நாள் விடாத மழை. சவரி அண்ணன் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"கிராணி ஐயா, கோயில் பக்கத்துக் கொப்புல ஒட்டியிருக்கிற செடியெல்லாம் தண்ணி குடிச்சுப் பாரமா கெடக்கு. ரெண்டு நாள் வெயில் காயட்டும். தொரைகிட்டச் சொல்லிருங்க."

தலையாட்டிவிட்டுப் போனேன். மேலேயிருந்து வருகிற சொல்லைக் கீழே கொண்டுபோவதுதான் கிராணி வேலை. கீழே இருக்கிறவன் சொல்லை மேலே கொண்டுபோன கிராணி எங்கள் தோட்டத்தில் கிடையாது. ஆபீஸ் வாசல் வரைக்கும் போனேன். உள்ளே துரை டெலிபோனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் இருந்தது. அப்படியே திரும்பி வந்து, துரை இன்றைக்கே வெட்டச் சொல்லிவிட்டார் என்று வாய் கூசாமல் சொன்னேன்.

அவர் போய்க் கயிற்றுச் சுருளை எடுத்து வந்தார். பிறகு ஒரு கயிற்றுக்கு இரண்டு கயிறாகக் கட்டினார். மரம் பாதியில் திருகிக்கொண்டு போய்க் கோயில்மேல் உட்கார்ந்தது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் இல்லை. ஓடு சரிந்த கோயிலுக்குள் அவரே நுழைந்து, அந்தோணியாரைத் தன் சட்டையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். ஞாயிறு தவறாமல் முழங்கால் போடுகிற கோயில் அது.

மறுநாள் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில், அத்தனை பேர் முன்னால் துரை கேட்டார். தன் கணக்குத் தப்பிவிட்டது என்று மட்டும் சொன்னார் சவரி அண்ணன். நான் பேர்ப்புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு கெஜ தூரத்தில் நின்றேன். அவரைப் புல்வெட்டுக்குத் தள்ளினார்கள். எனக்கு வேலை நிரந்தரமானது. அவருக்கு விஷயம் தெரியாது என்று இத்தனை வருஷமாக என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன்.

வெளியேறினார் என்று பார்த்த அன்றைக்கே எல்லாவற்றையும் குழுவில் எழுதிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் கும்பிடுகிற கைகள் வந்து குவிந்தன. பெரிய மனசு அண்ணே என்று எனக்குப் பாராட்டு வேறு! படிக்க வேண்டியவர் அங்கே இல்லை. பெண்டாங்குக்குப் போன் போட்டேன். மகள் எடுத்து அவரிடம் கொடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு அந்தக் கனைப்பு.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. தொரையப் பாக்கப் போனவன் எவன் அஞ்சு நிமிசத்துல திரும்பியிருக்கான்?"

அவர் என்னைத் தம்பி என்றது அதுதான் முதல் தடவை. அப்புறம் ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டேன். வெட்டாவிட்டால் ஏன் வெட்டவில்லை என்று துரை உங்களையல்லவா பிடித்திருப்பார், புது வேலை, இரண்டு கயிறு தாங்கும் என்று நினைத்தேன் என்றார். குழுவுக்குத் திரும்பி வாருங்கள் அண்ணே என்று கெஞ்சினேன்.

"ஊரு சிரிக்கிறது எனக்குப் பழகிப்போச்சு. அதுல உங்க பேரப் பாத்தேன். அதான் வெளிய வந்துட்டேன். வேணாம் தம்பி, விடுங்க."

பெண்டாங் பக்கம் வந்தால் வீட்டுக்கு வரவேண்டும், சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அந்தத் தோட்டம் முழுக்க இப்போது எண்ணெய் எடுக்கிற செம்பனை மரம். லயம் இல்லை, பெரட்டுக்களம் இல்லை, கோயில் இருந்த இடத்தை என்னாலேயே காட்ட முடியாது. அதையெல்லாம் யார் யாரோ அழித்தார்கள். குழுவில் அந்தக் குரல் இல்லாமல் போனது மட்டும் என்னால்.