எலியின் படத்தில் ஒரே புள்ளி

மனைவியின் ஈரல் ஸ்கேன் படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து எண்ணினேன். ஏழு புள்ளிகள். மறுபடி எண்ணினால் ஒன்பது. படம் தெளிவதற்காக ஊசியில் ஏற்றிய மருந்து, புற்றுநோயையும் நல்ல சதையையும் ஒரே மாதிரி வெளுப்பாகக் காட்டியிருந்தது. எது எதுவென்று தெரியாமல் கத்தி வைக்க முடியாது என்று காரைக்கால் டாக்டர் சொல்லிவிட்டார்.

பிரான்ஸில் ஆராய்ச்சி செய்யும் எங்கள் மகள், நோயைத் தொட்டால் மட்டும் ஒளிரும் நானோ துகள்களைத் தயாரிக்கிறாள். அதை ஊசியில் ஏற்றி அவள் எடுத்து அனுப்பியிருந்த எலியின் ஸ்கேன் படத்தில் ஒரே புள்ளி, கடுகளவு, சந்தேகமில்லாமல் தெரிந்தது.

"அத அம்மாவுக்குப் போட முடியாதாம்மா?" என்று போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன்.

"இப்ப எலிக்கு மட்டுந்தாம்பா. மனுசருக்கு வர பத்து வருசமாவது ஆகும்." அவள் அழுதாள்.

பக்கத்தில் படுத்திருந்த மனைவி சிரித்தாள். "அடுத்த பிறவியில எலியாப் பொறந்துக்கிறேன்னு சொல்லுங்க."

பத்து வருடம் என்றால் நூற்றிருபது மாதம். இந்த ஒரு மாதத்தில் மட்டும் அவள் நான்கு கிலோ இளைத்திருக்கிறாள். அதற்கு மேல் நான் கணக்குப் போடவில்லை.