சேசு அண்ணன் பரணில் ஏற்றி வைத்த வண்டிகள்

சேசு அண்ணன் இறந்துவிட்டார். நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அவ்வளவுதான்...

இங்கே பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. மதுரையில் காளவாசல் பக்கம் ஒரு சந்தில் புல்லட் ஆல்ட்டர் பண்ணும் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். வண்டியைக் கொடுத்தால் டேங்க், சீட், ஹேண்டில்பார் எல்லாவற்றையும் நம் உடம்புக்குத் தகுந்த மாதிரி புதிதாகச் செய்து மாட்டித் தருவார்.

நான் குள்ளம். ஃப்ரெண்ட்ஸ் லிஸ்டில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் புல்லட்தான் ஓட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்று வாங்கினேன். வாங்கிய பிறகு பார்த்தால், கால் தரைக்கு எட்டவில்லை.

போன மெக்கானிக் எல்லாம், "பேசாம ஸ்கூட்டர் வாங்குங்க டீச்சர்" என்று சிரித்தார்கள். எனக்கு வந்ததே கோபம்...

சேசு அண்ணன் சிரிக்கவில்லை. "நீ ஓட்டிக்கிட்டுப் போ தங்கச்சி. நான் பின்னாடியே வாரேன்" என்றார். நான் தட்டுத் தடுமாறிப் போக, அவர் ஒரு ஓட்டை மொபெட்டில் என் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் நிறுத்திய இடத்திலெல்லாம் மொபெட்டைப் பக்கத்தில் அணைத்து நிறுத்தி, பிடித்துக்கொள்ளத் தோளைக் கொடுத்தார்.

"இடது தோள ஏத்திக்கிட்டே ஓட்டுற. ஹேண்டில் எட்டல ஒனக்கு. நீ எதுக்கு குனிஞ்சு குனிஞ்சு வண்டிகிட்டப் போற? வண்டிய ஒங்கிட்ட வரச் சொல்லுவோம்."

வரச் சொன்னார். வந்தது. இரண்டு காலும் தரையில் பதிய நான் அந்த வண்டியில் ஸ்கூல் கேட்டுக்குள் நுழைந்த அன்றைக்கு ஹெட்மாஸ்டரே வெளியே வந்து பார்த்தார்.

அப்புறம் ஊரில் எல்லாத் தொழிலும் படுத்த காலம் வந்தது. என் வீட்டுக்காரருக்கு வேலை போனது. வண்டியை விற்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அண்ணனிடம் வண்டி செய்தவர்கள் அத்தனை பேருக்கும் ஏதாவது ஒரு அடி... ஆனால் ஆல்ட்டர் பண்ணின வண்டியை வாங்க ஆள் இல்லை. கம்பெனியிலிருந்து வந்தபடி இருந்தால்தான் வாங்குவோம் என்றார்கள்.

ஒவ்வொருவராக அவரிடமே திரும்பிப் போனோம். எங்கள் வண்டிகளிலிருந்து அன்றைக்குக் கழற்றிய கம்பெனி டேங்க், சீட் எல்லாம் அவருடைய பரணில் பத்திரமாக இருந்தன. நாங்கள் அவற்றை மறந்தே போயிருந்தோம்.

"அண்ணே, பழையபடி ஆக்கித் தரணும்..." என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுகாத. கழட்டுறதுக்கும் நான்தான வேணும்?"

தான் செய்ததைத் தானே பிரிக்கிறோமே என்று ஒரு முனகல் கிடையாது. மாட்டும்போது இருந்த அதே நிதானம், கழற்றும்போதும். இவர் என்ன மனுஷன் என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இன்றைக்கும் எனக்கு அது பிடிபடவில்லை.

எனக்கென்று செய்த சீட்டைக் கழற்றி ஒரு பழைய லுங்கியில் சுற்றி, மேலே மார்க்கரில் 'குட்டை டீச்சர்' என்று எழுதிப் பரணில் ஏற்றினார்.

"ஏண்ணே, எம் பேரு தெரியாதா?"

"தெரியும். இதுதான் மறக்காது. நீ வேற வண்டி வாங்கிட்டு வா, இது இங்கனயேதான் இருக்கும்."

அதன் பிறகு புது வண்டி செய்ய யாருமே வரவில்லை. அவர் ஜன்னல் கம்பியும் கட்டிலும் வெல்டிங் பண்ணினார். கடை வாடகைக்கே தடுமாறினார். ஒரு நாள் நான் அங்கே இருக்கும்போதே பழைய இரும்புக்காரர் வந்து பரணைக் காட்டி, "சும்மாதான கெடக்கு, அம்புட்டையும் போட்ருங்கண்ணே" என்றார்.

"அடுத்தவுக பொருள நான் எப்படிப்பா போடுறது? டீ சாப்புடுறியா?" என்றார் இவர்.

இன்று காலையில் அடக்கம். அவரிடம் வண்டி கொடுத்த அத்தனை பேரும் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் வந்திருந்தார்கள். எனக்குத் தெரிந்து அவர் செய்த வண்டி ஒன்றுகூட இன்று மதுரை ரோட்டில் ஓடவில்லை. எல்லாவற்றையும் அவர் கையாலேயே பிரித்தாகிவிட்டது.

கல்லறையிலிருந்து திரும்பியதும் அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா கடையைத் திறந்துவிட்டார். "கடைய காலி பண்ணணும். இரும்புக்குப் போட எனக்கு மனசு வரல. அவுக பேரெழுதி வச்சிருக்காக... அவங்கவங்களத அவங்கவங்க எடுத்துட்டுப் போயிருங்கப்பா."

எங்களில் பேங்கில் வேலை பார்க்கும் ஒருவர் பரணில் ஏறி ஒவ்வொரு பேராக வாசித்தார். பேர் வர வர, வாங்கிக்கொண்டு கிளம்பினோம். டேங்கை இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு ஒருவர் ஆட்டோ ஏறினார். ஹேண்டில்பாரைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் நடந்தே போனார். நாங்கள் போன கோலத்தைக் காளவாசலே நின்று பார்த்தது.

திருமங்கலம் பஸ்ஸில் உட்கார்ந்து இதை டைப் பண்ணுகிறேன். லுங்கியைப் பிரிக்கக்கூட மனசு வரவில்லை.

"என்னக்கா மடில?" என்றார் கண்டக்டர்.

"புல்லட் சீட் தம்பி."

"வண்டி எங்க?"

"இனிமேதான் வாங்கணும்."

நிம்மதியாப் படுங்கண்ணே...