களத்துக் குரல்

1940களில், அரியலூர்ப் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில், நோயாளியைத் தொட்டுச் சோதிக்கப் புது டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நோயாளி "ஒண்ணு, ஒண்ணு" என்று சொல்லும்போது முதுகில் வைத்த கையில் அதிர்வு தெரிய வேண்டும்.

திருமானூர்க் குடியானவர் ஒருவர் "லாபம், லாபம்" என்றார். நெல் அளப்பவர்கள் முதல் மரக்காலை அப்படித்தான் எண்ணுவார்கள். டாக்டர்கள் சிரித்தார்கள்.

"சொன்னதைச் சொல்லுய்யா" என்று அதட்டினேன்.

"ஒண்ணு" முனகலாக வந்தது. கையில் ஒன்றும் தெரியவில்லை.

"பழக்கமில்லைங்க" என்றார்.

"சரி, களத்துல சொல்ற மாதிரியே சொல்லுங்க."

"லாபம்!" முதுகு அதிர்ந்தது. வலப்பக்கம் அடியில் மட்டும் அதிர்வு இல்லை. அங்கே நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. சிரித்தவர்களின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். அதட்டிய என்னைக் கண்டிக்கத்தான் அங்கே ஆளில்லை.