டென்னியைத் திட்டியவர்கள்

ஒஹையோவில் எங்கள் ஊர் பேஸ்பால் அணி ஒரு மாதமாகத் தோற்றுக்கொண்டே இருந்தது. பிளம்பர் வால்ட் புருச்னிக் ஓர் ஆட்டத்தையும் விடமாட்டார். பந்து வீசும் டென்னியைத் திட்டாவிட்டால் அவருக்கு பீர் இறங்காது.

அன்றும் டென்னி பந்தைத் தாறுமாறாக வீசி, எதிரணிக்காரர்களை மட்டையைச் சுழற்றாமலே ஓசியில் முதல் பேஸுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான்.

"டேய், எங்க வீட்டு நாய்கூட உன்னைவிட நேரா மூத்திரம் போகும்டா!" என்று கத்தினார் வால்ட்.

பக்கத்தில் ஹாட் டாக் தின்றுகொண்டிருந்த அம்மாள் திரும்பினாள். "அவன் என் பிள்ளை."

வால்ட்டுக்கு வியர்த்துவிட்டது. "ஐயோ, மன்னிச்சிடுங்கம்மா, ஏதோ வாய் தவறி..."

"எதுக்கு மன்னிப்பு? சின்ன வயசுலயே குப்பையைத் தொட்டிக்குள்ள போடத் தெரியாத தண்டம்!" என்றவள் எழுந்து நின்று, "டென்னி! வீட்டுக்குப் போய்த் தூங்குடா, சோம்பேறி!" என்று மைதானமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

டென்னி தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டான். அவன் வீசிய அடுத்த பந்தை எதிராளி வேலிக்கு அப்பால் அடித்தான்.

வால்ட்டுக்குப் பொறுக்கவில்லை. "பாவம்மா, காத்து எதிர்க்க அடிக்குது. பையன் என்ன பண்ணுவான்?"

"நீங்க அவனுக்கு ரொம்பச் செல்லம் குடுக்கறீங்க" என்றாள் அம்மாள்.

அன்றும் தோற்றோம். தலைகுனிந்து வெளியேறிய டென்னிக்குக் கைதட்டிய ஒரே ஆள் வால்ட்தான்.