அண்ணி போட்ட கையெழுத்து

என் அண்ணி ஓவியர் என்று சொன்னால் போதும், எங்கள் சொந்தக்காரர்கள் உடனே, "அப்படியா, எங்க வீட்டு கேட்ல ஒரு பூ வரைஞ்சு தரச் சொல்லேன்" என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அண்ணி சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணிக்குப் பேர்பெற்ற ஓவியர் ஒருவரின் பட்டறையில் வேலை. அங்கே எல்லாரும் அவரை மாஸ்டர் என்பார்கள். மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து, "அங்க கொஞ்சம் சிவப்பு" என்று விரலை நீட்டுவார். ஒருவர் சட்டத்தில் துணியை இழுத்து ஆணி அடிப்பார், இன்னொருவர் அடிப்பூச்சு பூசிக் காய வைப்பார். அதன் மேல் மாஸ்டரின் புகழ்பெற்ற சிவப்பு வட்டங்களைப் போடுவது அண்ணி.

"அப்போ படம் யாரோடது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"யோசனை அவரோடது. இப்போல்லாம் நிறைய பேர் இப்படித்தான் செய்யறாங்க" என்றார் அண்ணி.

யோசனையாம்! என்ன சமைக்கலாம் என்று நான் தினமும்தான் யோசிக்கிறேன், அதற்காக சோறு தானாக வெந்துவிடுகிறதா?

மாஸ்டருக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும் கையெழுத்தும் அண்ணி தலையில் விழுந்தது. படம் முடிந்ததும் மெல்லிய தூரிகையில் பழுப்பு வண்ணத்தைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வலது கீழ் மூலையில் மாஸ்டரின் பெயரை ஒரே இழுப்பில் எழுதிவிடுவார். அதை எழுதினால் வேலை முடிந்தது என்று அர்த்தம். பிறகு தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புவார்.

தன் சொந்தப் படத்தை எங்கள் வீட்டுப் பின்னறையில், அண்ணனின் சைக்கிளுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து வரைந்தார். என்ன படம் தெரியுமா? பிளாஸ்டிக் நாற்காலி மேல், துவைத்துக் கொண்டுவந்து போட்டு மடிக்காமல் கிடக்கும் துணி. அவ்வளவுதான்.

"இதையெல்லாமா வரைவாங்க? மடிச்சு வச்சாலாவது புண்ணியம்" என்றான் அண்ணன்.

"தொட்டீங்கன்னா தெரியும் சேதி" என்றார் அண்ணி.

யாரும் தொடவில்லை. என் உள்பாவாடையும் அந்தக் குவியலில் மாட்டிக்கொண்டதால் நான் வேறு வாங்க வேண்டியதாயிற்று. ஆனால் படம் முடிந்ததும் அதன் முன்னால் நின்று நான் அழுதேன், உள்ளதைச் சொல்கிறேன். எத்தனை நாள் அந்த நாற்காலியைப் பார்த்து எரிந்து விழுந்திருக்கிறேன்! எங்கள் வீட்டு அலுப்பு முழுவதும் அதில் இருந்தது. பார்க்க அழகாகவும் இருந்தது.

புதியவர்களின் படங்களை வைக்கும் ஒரு கண்காட்சிக்கு அது தேர்வானது. அண்ணியின் பெயரில் ஊர் பார்க்கப்போகும் முதல் படம். திறப்பு நாளில் மூவரும் போனோம். உள்ளே நுழைந்தால் அண்ணியின் படத்துக்கு முன்னால்தான் ஈ மொய்க்கிற மாதிரி கூட்டம். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: "மாஸ்டர் புது பாதையில இறங்கிட்டாரு, பாத்தீங்களா?"

எட்டிப் பார்த்தேன். வலது கீழ் மூலையில், ஒரே இழுப்பில், மாஸ்டரின் பெயர். படம் முடிந்த களைப்பில் கை தன் பாட்டுக்கு எழுதிவிட்டிருக்கிறது. வீட்டில் நாங்கள் பார்த்ததெல்லாம் எங்கள் துணியைத்தானே தவிர, மூலையை யார் பார்த்தார்கள்? படத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் கண்ணிலும் அது படவில்லை போலிருக்கிறது.

அண்ணியின் முகம் வெளிறிப்போனது. "ஐயோ, கைப் பழக்கத்துல..." என்றார்.

கண்காட்சியை நடத்தும் அம்மாள் ஓடி வந்தார். பின்னாலேயே மாஸ்டர், அவர்தான் அன்றைய சிறப்பு விருந்தினர். படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்" என்றார். "என் பட்டறையில பழகின கைதானே. என் பேர் இருந்தா தப்பில்ல."

அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "சுவர்ல இருக்கற பேர் அட்டைய மட்டும் எடுத்துடலாம். இன்னிக்கே வித்துடும்."

"கொஞ்சம் யோசிச்சுப் பாரேன்" என்று அண்ணன் அண்ணியின் காதில் முணுமுணுத்தான். கூடப்பிறந்தவன் என்றும் பார்க்காமல் அவன் காலை மிதித்தேன்.

"என்ன யோசிக்கணும்?" என்று அண்ணி குரலை உயர்த்தினார். "என் வீட்டு நாற்காலி. என் வீட்டுத் துணி. அந்தப் பனியன்ல இருக்கற ஓட்டை உங்களோடது. அதுவும் இவரோடதா?"

மூலையில் படங்களை மாட்டுகிறவர்களின் பெட்டி திறந்து கிடந்தது. அதிலிருந்து வண்ணம் கரைக்கிற டர்பன்டைனையும் ஒரு பழந்துணியையும் எடுத்தார்.

"எல்லாரும் பாக்கறாங்க!" என்றார் அந்த அம்மாள்.

"பாக்கத்தானே கூப்பிட்டிருக்கீங்க."

"அத அழிச்சா நாளைக்குப் பட்டறைப் பக்கம் வராதே" என்றார் மாஸ்டர்.

"வருவேன். என் தூரிகையெல்லாம் அங்க இருக்கு, எடுக்கணும்."

மண்டியிட்டுத் தேய்த்தார். பெயர் சேறாகக் கரைந்து துணியில் வந்தது. பக்கத்தில் நின்ற இன்னொரு ஓவியர் தன் பையிலிருந்து தூரிகையும் வண்ணமும் கொடுத்தார். அண்ணி தூரிகையில் வண்ணத்தைத் தொட்டு மூலைக்குக் கொண்டுபோனார். கை அப்படியே நின்றுவிட்டது. மாஸ்டரின் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறவருக்குத் தன் பெயரை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. தட்டுத் தடுமாறி எழுதினார். எழுத்துகள் கோணிக்கொண்டு மேலே ஏறின.

"சின்னப் பிள்ளை எழுதின மாதிரி இருக்கு. துடைச்சுட்டு அழகா எழுதுங்களேன்" என்றார் அந்த அம்மாள்.

"முதல் தடவை எழுதறேன், இப்படித்தான் வரும். இருக்கட்டும்."

மாஸ்டர் போய்விட்டார், அவரோடு கூட்டமும் போய்விட்டது. அண்ணன் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டான். அண்ணி உட்காரவில்லை. படத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். போனால் போகட்டும் என்று வாயால் சொல்லிக்கொண்டே நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூடம் ஏறக்குறைய காலியான பிறகு ஒரு பெண் வந்தாள். படத்தைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குனிந்து, அந்தக் கோணல் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி அண்ணியின் பெயரை வாய்விட்டுப் படித்தாள்.

"யாருங்க இவங்க?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்றார் அண்ணி.