ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்ப் பொங்காலை

ஆற்றுக்கால் பொங்காலைக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன். இந்த முறை கொஞ்சம் சூடாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருநெல்வேலிக்காரி. மாசி மாதத்தில் திருவனந்தபுரத்துத் தெருக்களில் பெண்கள் கிலோமீட்டர் கணக்கில் அடுப்புக் கூட்டி அம்மனுக்குப் பொங்கல் வைப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்து, ஒரு தடவையாவது போய்விட வேண்டும் என்று இருந்தேன். தனியாகப் போகத் தயக்கம். இடம் கிடைக்குமா, கழிப்பறைக்கு என்ன செய்வது என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு விளம்பரம் வந்து விழுந்தது. கழக்கூட்டத்தில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு சுற்றுலா நிறுவனம். 'பொங்காலையைப் பார்க்காதீர்கள், வாழுங்கள்' என்று போட்டிருந்தார்கள். ஒதுக்கிய இடம், பானை, அரிசி, வெல்லம், விறகு, உடன் ஒரு புகைப்படக்காரர், புகை படாத இருக்கை. ஆளுக்கு ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். பொங்கல் வைக்கப் போகிறவளுக்குப் புகை படாத இருக்கை எதற்கு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் பணத்தைக் கட்டினேன்.

முந்தின நாளே ரயிலேறிவிட்டேன். நாகர்கோவில் வழியாக நாலு மணி நேரம். தம்பானூரில் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் அறை, ஆயிரத்து இருநூறு. பொங்காலையன்று ஆட்டோ கிடைக்காது. காலை ஐந்தரைக்குக் கிளம்பி கரமனைக்கு மூன்று கிலோமீட்டர் நடந்தேன். நடந்த வழி முழுக்க, சாலையின் இரண்டு ஓரத்திலும் மூன்று மூன்று செங்கல்லாக அடுப்புகள். பக்கத்தில் பாயை விரித்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வீடுகளெல்லாம் திறந்து கிடந்தன. யார் வேண்டுமானாலும் உள்ளே போய்த் தண்ணீர் பிடிக்கலாம், குளியலறைக்குப் போகலாம். இதற்காகத்தான் நான் காசு கட்டியிருந்தேன்.

எங்கள் இடத்தைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. அக்ரஹாரத்துத் தெருவில் நாலு வீட்டு வாசலை மறித்து சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். உள்ளே பிளாஸ்டிக் புல்தரை, குடை, மெத்தை நாற்காலி. பன்னிரண்டு பித்தளைப் பானைகளும் படத்தில் நன்றாக விழ வேண்டும் என்று தள்ளித் தள்ளி வைக்கப்பட்டிருந்தன. கயிற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பெண்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நடுவில் நாங்கள் மட்டும் கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை வீட்டார்போல இருந்தோம்.

கை கழுவ அந்த நாலு வீடுகளில் ஒன்றுக்குள் போனபோது அங்கிருந்த மாமியிடம் பேச்சுக் கொடுத்தேன். பார்வதி மாமி என்று பெயர். முகம் கொடுத்துப் பேசவில்லை. மெல்ல மெல்லத்தான் வந்தது. வருடா வருடம் இந்த வாசலில் அடுப்புப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், களியக்காவிளைப் பக்கத்திலிருந்து தங்கம் என்று ஒரு அம்மாள், இன்னும் ஏழெட்டுப் பேர். இந்த வருடம் மாமியின் மகன் வாசலை நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டான். நேற்றுக் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்த தங்கம் கயிற்றைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாராம்.

"அவன் ஒத்துண்டுட்டான், நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்கோ. நேத்திலேருந்து அவ மூஞ்சியைப் பார்க்க முடியலை, கேட்டேளா" என்றார் மாமி.

மாமி காட்டிய பக்கம் கயிற்றின் ஓரத்துக்குப் போனேன். அந்தப் பக்கத்து முதல் அடுப்பே தங்கத்தினுடையதுதான். ஐம்பது வயதிருக்கும். புது மண்பானை, அடியில் காய்ந்த ஓலை, எல்லாம் தயார். நீங்கள் உட்கார வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். அதற்கென்ன, எங்கே வைத்தாலும் அம்மைக்குத் தெரியும் என்று சிரித்தார். மகளுக்கு இரண்டு முறை கரு கலைந்து இப்போது ஏழாம் மாதமாம். அதற்காக நேர்ந்துகொண்டதுதான் இந்த வருடத்து நேர்ச்சை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பொங்காலைக்கு அவரவர் தீப்பெட்டியை உரசி அடுப்பு மூட்டுவதில்லை. கோயில் கருவறை விளக்கிலிருந்து எடுத்த தீ, கோயில் அடுப்பிலிருந்து பக்கத்து அடுப்புக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று, ஒருத்தி ஓலையில் பற்றவைத்து அடுத்தவளுக்குக் கொடுத்துக் கொடுத்தே நகரம் முழுக்கப் போய்ச் சேருகிறது. வரிசை அறுந்தால் தீ நின்றுவிடும். இந்த ஒரு விஷயம், அத்தனை ஏற்பாடு செய்தவர்களின் மண்டையில் ஏறவில்லை.

பத்தரைக்குக் கோயிலில் வெடிச் சத்தம் கேட்டது. தெரு முழுக்கக் குலவை. கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் புகை தெரிந்தது. அடுப்படுப்பாக வந்து எங்கள் கயிறு வரைக்கும் தீ வந்துவிட்டது. கோயில் பக்கத்துக் கடைசி அடுப்புப் பெண் எரிகிற ஓலையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். நிறுவனத்தின் காவலாளி வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது என்று கையை விரித்து நிற்கிறார். எங்களை ஒருங்கிணைக்க வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. காதில் கருவி, கையில் கைப்பேசி, முகமெல்லாம் வியர்வை.

"சேச்சி, கொஞ்சம் வெயிட் பண்ணணும். நம்மட விளக்கு கோயில்லேர்ந்து பைக்ல வருது. அதிலேர்ந்து பத்த வைக்கிறதைத்தான் வீடியோ எடுக்கணும்" என்றாள்.

லட்சக்கணக்கான பெண்கள் உட்கார்ந்திருக்கும் ஊரில் பைக்கில் விளக்கு வருகிறதாம். அது எந்த முடுக்கில் மாட்டிக்கொண்டு நின்றதோ தெரியாது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் போயிற்று. எங்களில் சிலர் அதற்குள் குளிர்பானம் குடித்தார்கள். மறுபக்கம் தங்கத்துக்குப் பின்னால் கரமனைப் பாலம் வரைக்கும் எத்தனையோ அடுப்புகள் தீ இல்லாமல் கிடந்தன. மதியம் நைவேத்தியத்துக்குள் பானை பொங்கியாக வேண்டும். என் பக்கத்தில் இருந்தவர் தங்கத்திடம் ஒரு லைட்டரை நீட்டினார், உதவி செய்கிற நினைப்பில்.

"வேண்டாம் எக்கா. இதுல பத்த வச்சா அது வீட்டுச் சோறுல்லா" என்றார் தங்கம். கண் கலங்கிவிட்டது.

எனக்கு வந்த கோபம் இப்போது எழுதும்போதும் அடங்கவில்லை. கடவுளுக்கும் அவருக்கும் நடுவில் கயிறு கட்ட இவர்கள் யார்? கட்டிய கயிற்றுக்குள் உட்கார நான் யார்? எழுந்து போய், காவலாளியின் கைக்கு அடியில் குனிந்து, அந்தப் பெண் நீட்டிய ஓலையை வாங்கினேன். ஒருங்கிணைப்புப் பெண் சேச்சி சேச்சி என்று பின்னாலேயே வந்தாள். என் அடுப்பில் வைத்தேன். இன்னொரு ஓலையைப் பற்றவைத்துக்கொண்டு பிளாஸ்டிக் புல்தரையில் நடந்தேன். பொறி விழுந்த இடமெல்லாம் ஓட்டை. கயிற்றுக்கு மேலே நீட்ட, தங்கம் இரண்டு கையாலும் வாங்கி அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பி அடுத்தவளுக்குக் கொடுத்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாலம் வரைக்கும் புகை எழுந்துவிட்டது. வாசலில் நின்ற மாமி குலவை போட்டார்.

புகைப்படக்காரர் ஓடிவந்து, வெளிச்சம் சரியாக விழவில்லை, ஓலை கொடுப்பதை இன்னொரு தடவை செய்ய முடியுமா என்று கேட்டார். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. என் நாற்காலியை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்த் தங்கத்தின் பாயில் உட்கார்ந்துகொண்டேன். கண்ணெல்லாம் புகை. அவர் பானை கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்ததை நான் பார்த்தேன். என் பானையை நிறுவனத்து ஆள் கிளறிக்கொண்டிருந்தார்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள். முந்தின நாள் காலையிலேயே போய்விடுங்கள். செங்கல்லும் பானையும் சாலையோரத்திலேயே விற்கிறார்கள். பருத்திச் சேலை, தொப்பி, குடிதண்ணீர் போதும். சாப்பாடும் மோரும் தெருவுக்குத் தெரு இலவசமாகக் கொடுக்கிறார்கள். எந்த வீட்டு வாசலிலும் கேளுங்கள், இடம் தருவார்கள். செங்கல்லைத் திரும்பத் தூக்கி வர வேண்டாம், மாநகராட்சி எடுத்து ஏழைகளுக்கு வீடு கட்டக் கொடுக்கிறது. அனுபவம் விற்கிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள். அங்கே இலவசமாக இருப்பதை மறித்துவிட்டு, அதையே நமக்கு விலைக்குக் கொடுக்கிறார்கள்.

போன வாரம் அந்த நிறுவனத்தின் பக்கத்தைப் பார்த்தேன். முதல் படமே நானும் தங்கமும்தான். கயிற்றுக்கு மேலே எரிகிற ஓலை, நாலு கை. அடியில், 'புதியது: உள்ளூர்ப் பெண்ணுடன் தீ பகிரும் அனுபவம். கூடுதலாக ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் மட்டும்.' எடுக்கச் சொல்லி எழுதினேன். என் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

அன்று சாயங்காலமே தங்கம் கூப்பிட்டார்; பொங்காலையன்று எண் வாங்கிக்கொண்டிருந்தோம். மகளுக்குப் பெண் குழந்தை, இருவரும் நலம். அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். நிறுவனத்திலிருந்து ஆள் பேசினார்களாம். அடுத்த வருடமும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் அதே இடத்தில் நின்று தீ வாங்க வேண்டுமாம், ஆயிரம் ரூபாய் தருவார்களாம்.

"காசு வாங்கிட்டு நின்னா எனக்க நேர்ச்சை யாருக்க கணக்குல சேரும் எக்கா?" என்றார்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். வர முடியாது, அன்றைக்குத் தனக்குப் பொங்கல் வைக்கிற வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம்.